நம் வண்டி நம் கையில்: பெற்றோல் கூடி மூச்சடைக்கும் எஞ்சின்



இந்த மாதம் வந்த கடிதங்களில் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதிய கடிதத்தையே இப்பக்கத்துக்கு எடுத்துக்கொண்டேன். அவர் 2009 இல் கணவரை இழந்தவர். முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகு, மிஞ்சியிருந்த நகையை விற்று, வெளியூரிலுள்ள தம்பி அனுப்பிய பணத்தையும் சேர்த்து ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறார். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவார். பகலில் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹயர் ஓடுவார். குடும்பத்தின் வருமானம் அந்தக் காரில்தான் இருக்கிறது.

அவர் எழுதுகிறார்: "அக்கா, ஒருநாள் திறப்பைத் திருப்பினவுடன் பிடிக்குது. அடுத்த நாள் அரை மணித்தியாலம் சுத்தினாலும் பிடிக்கிறேல்லை. பெற்றோல் மணம் தலையைச் சுத்துது. கராஜுக்கு மூன்று தரம் காசு குடுத்தாச்சு. 'இரும்புக்குப் போடுங்கோ அக்கா' எண்டு சொல்லுகினம். இரண்டு பிள்ளைகளின்ர தாய்மார் வேற வாகனம் பிடிச்சிட்டினம். விற்கிறதோ, வைச்சிருக்கிறதோ?"

கடிதத்தின் கடைசியில் இன்னும் ஒரு வரி இருந்தது. அவருடைய தாயார் எங்கள் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவராம். 1977 கலவரத்தோடு குடும்பமாக வன்னிக்குப் போனவர்கள். அப்படிப் போன குடும்பங்கள் இரத்தினபுரி மாவட்டத்தில் கொஞ்சமல்ல. 1977 இல் ஒரு தொகுதியினர், 1981 இல் இன்னொரு தொகுதியினர், 1983 இல் மீதிப்பேர் என்று வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு போய்ச் சேர்ந்தார்கள். பாதுகாப்புத் தேடிப் போன இடத்திலும் போர் அவர்களை விடவில்லை. ஆகவே இந்தக் கேள்வியை எங்கள் ஊர்ப் பிள்ளை கேட்ட கேள்வியாகவே நினைத்து விபரமாக எழுதுகிறேன். மோட்டார் சைக்கிள், ஓட்டோ, தண்ணீர் இறைக்கும் மெசின் வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் இது உதவும். காபரேற்றர் உள்ள எல்லா பெற்றோல் எஞ்சினுக்கும் இந்த வருத்தம் ஒன்றுதான்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விறகும் வேண்டும், காற்றும் வேண்டும், நெருப்பும் வேண்டும். அடுப்பு நிறைய ஈர விறகைத் திணித்துவிட்டு எவ்வளவு ஊதினாலும் புகைதான் வரும். எஞ்சினும் அப்படித்தான். பெற்றோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகுதான் எரியும். நிறையில் பார்த்தால் 1 பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவையைச் செய்து கொடுப்பது காபரேற்றர். அதைப் பற்றவைப்பது பிளக்கின் நுனியில் பாயும் பொறி.

குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் சரியாக ஆவியாகாது. அதனால்தான் காலையில் சோக்கை இழுக்கிறோம். சோக் காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டுகிறது. எஞ்சின் பிடித்துவிட்டால் நல்லது. பிடிக்காமல் நாம் மீண்டும் மீண்டும் சுத்தும்போது, ஒவ்வொரு சுத்துக்கும் இன்னும் பெற்றோல் உள்ளே போகிறது. போதாதென்று காலால் அக்சிலேற்றரைக் குத்திக் குத்தி மிதிக்கிறோம். பல காபரேற்றர்களில் ஒரு சிறு பம்பு இருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் அது பெற்றோலைப் பீச்சியடிக்கும். கடைசியில் பிளக்கின் நுனி நனைந்துபோகும். இடைவெளியைத் தாண்டிப் பாய வேண்டிய மின்சாரம் நனைந்த கரியின் வழியாக வழுக்கி ஓடிவிடும். பொறி இல்லை, எரிவும் இல்லை. இதைத்தான் "பெற்றோல் கூடிப்போச்சு", "ஓவர்புளோ ஆகிவிட்டது" என்கிறோம்.

உண்மையில் அதுதானா என்று முதலில் பாருங்கள்

திறப்பைத் திருப்பினால் "டிக்" என்ற சத்தம் மட்டும் வருகிறதா, அல்லது முனகிக்கொண்டு மெதுவாகச் சுத்துகிறதா? அது பற்றரி அல்லது அதன் முனைகளின் கோளாறு. எஞ்சின் உற்சாகமாகச் சுத்துகிறது, ஆனால் பெற்றோல் மணமே இல்லையா? பெற்றோல் வந்து சேரவில்லை. நன்றாகச் சுத்துகிறது, மணமும் மூக்கில் ஏறுகிறது, பிளக்கைக் கழற்றினால் ஈரமாகவும் கறுப்பாகவும் இருக்கிறது என்றால் பெற்றோல் கூடியிருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தாலே கராஜில் பாதிக் காசு மிச்சம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை

முதலாவது, சுத்துவதை நிறுத்துங்கள். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், நேரமாகிறது என்ற பதற்றத்தில் இன்னும் சுத்தினால் பற்றரியும் போய்விடும்.

இரண்டாவது, சோக்கை முழுவதுமாக உள்ளே தள்ளுங்கள். பொனட்டைத் திறந்துவிட்டு 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் பீடி, நெருப்புக்குச்சி, குப்பி விளக்கு எதுவும் வரக்கூடாது. உதவிக்கு வரும் ஆண்கள் சிகரெட்டோடு வந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இதில் வெட்கம் பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது, அக்சிலேற்றரை ஒரே தடவையாக மெதுவாக அடிவரை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். குத்திக் குத்தி மிதிக்கக் கூடாது. முழுவதும் அழுத்தும்போது காற்றுக் கதவு அகலத் திறக்கிறது. உள்ளே போகும் காற்று தேங்கிய பெற்றோலை உலர்த்திக்கொண்டு வெளியேறும். அப்படிப் பிடித்தபடி 5 செக்கன் சுத்துங்கள். பிறகு அரை நிமிடம் ஓய்வு. மீண்டும் 5 செக்கன். எஞ்சின் இருமிக்கொண்டு பிடிக்கத் தொடங்கியதும் காலை மெல்ல எடுங்கள். கொஞ்ச நேரம் கறுப்புப் புகை வரும், பயப்பட வேண்டாம்.

ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் முறை ஒன்றுதான். பெற்றோல் திறப்பை மூடுங்கள். சோக்கை விடுங்கள். அக்சிலேற்றரை முழுவதும் திருகிப் பிடித்துக்கொண்டு சில தடவை உதைத்துப் பாருங்கள். பிடித்த பிறகு பெற்றோலைத் திறவுங்கள்.

காபரேற்றர் இல்லாத புதிய இஞ்செக்சன் கார்களில் இந்த வருத்தம் குறைவு. அப்படி வந்தாலும் பெரும்பாலானவற்றில் இதே வழி வேலை செய்யும். அக்சிலேற்றரை அடிவரை அழுத்திச் சுத்தினால், பெற்றோலை நிறுத்திக் காற்றை மட்டும் அனுப்பும்படி அவற்றின் கணினி அமைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்ற வேண்டும். எஞ்சின் சூடாக இருந்தால் ஆற விடுங்கள். சூட்டோடு கழற்றினால் கையும் சுடும், புரியும் கெடும். எந்த வயர் எந்தப் பிளக்குக்கு என்று 1, 2, 3, 4 என ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிய பின்பே வயரை எடுங்கள். பிளக்கைச் சீலையால் துடைத்து, பழைய பல்துலக்கியால் கரியைத் தேய்த்து, வெயிலில் காயவையுங்கள். சிலர் அடுப்பில் சுட்டுக் காயவைப்பார்கள். பெற்றோல் நனைந்த சாமானை வீட்டுக்குள் நெருப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். பிளக் இல்லாமல் எஞ்சினைச் சுத்தி உள்ளே இருக்கும் பெற்றோலை வெளியேற்றலாம். ஆனால் அதற்கு முன் கொயிலின் சிறிய வயரைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெளியே பீச்சும் பெற்றோல் ஆவிக்கு எங்காவது ஒரு பொறி தீ வைத்துவிடும். திரும்பப் பூட்டும்போது முதல் சில சுற்றைக் கையாலேயே திருகுங்கள். கையால் இலகுவாகப் போனால்தான் புரி சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடிக்கடி வருகிறதென்றால் காரணம் வேறு

மேலே சொன்னது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது போன்றது. மாதம் ஒருமுறை வந்தால் அது போதும். வாரம் மூன்று தடவை வந்தால் காய்ச்சல் எதனால் என்று தேட வேண்டும். செலவு குறைந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குவோம்.

சோக்: உள்ளே தள்ளினாலும் கம்பி துருப்பிடித்து இறுகி, காற்றுக் கதவு பாதியிலேயே நிற்கலாம். எயார் பில்டரின் மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவர் சோக்கை இழுத்துத் தள்ள மற்றவர் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பிக்கு ஒரு துளி எண்ணெய் விடுவதற்குக் காசு தேவையில்லை.

எயார் பில்டர்: வன்னியின் கிரவல் வீதிப் புழுதியில் ஓடும் வண்டிக்குப் பில்டர் சீக்கிரமே அடைத்துவிடும். காற்று குறைந்தால் பெற்றோல் தானாகவே கூடும். பில்டரை வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள்.

பொறி: பலரும் கவனியாமல் விடுவது இதைத்தான். பெற்றோல் மணக்கிறது என்றவுடன் காபரேற்றரைத்தான் குற்றம் சொல்வோம். ஆனால் சரியான அளவு பெற்றோல் வந்தும், பொறி பலவீனமாக இருந்தால் அது எரியாமல் தேங்கிவிடும். தேய்ந்த பிளக், வெடித்த பிளக் வயர், தேய்ந்த பொயின்ற், கெட்ட கண்டென்சர், ஈரம் பிடித்த டிஸ்ரிபியூட்டர் மூடி ஆகிய ஒவ்வொன்றும் பொறியைத் தின்னும். எங்கள் ஓப்பநாயக்கவில் வருடத்தில் பாதி நாள் மழையும் பனிமூட்டமும்தான். இங்கே தோட்டத்து வீதிகளில் ஹயர் ஓடும் என்னைப் போன்றவர்கள் விடிய எழும்பியதும் காய்ந்த சீலையால் பிளக் வயரையும் டிஸ்ரிபியூட்டர் மூடியையும் துடைத்துவிட்டுத்தான் திறப்பைத் திருப்புவோம். லயத்திலிருந்து பிள்ளைப்பேற்றுக்குப் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குப் போக நடுச்சாமத்தில் ஆள் வந்து தட்டினாலும் அந்த ஒரு நிமிடத்தை விடுவதில்லை. அது பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். பிளக்கின் இடைவெளி பழைய கார்களுக்குப் பொதுவாக 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு அதன் கைந்நூலில் இருக்கும்.

மிதவை: வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் தண்ணீர் நிரம்பியதும் ஒரு பந்து மேலெழும்பி நீரை அடைக்கும் அல்லவா? காபரேற்றரிலும் அப்படியொரு மிதவையும், அது தள்ளும் ஓர் ஊசியும் இருக்கின்றன. ஊசியில் ஒரு மணல் துகள் சிக்கினாலோ, ஊசி முனை தேய்ந்தாலோ, மிதவையில் ஓட்டை விழுந்து அதற்குள் பெற்றோல் புகுந்தாலோ, அடைக்க வேண்டியது அடைக்காது. பெற்றோல் வழிந்துகொண்டே இருக்கும். வண்டி ஓடும்போதும் கறுப்புப் புகை வரும், பெற்றோல் செலவும் ஏறும், காபரேற்றரின் வெளிப்புறம் நனைந்திருக்கும். மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் தாங்கி மேலே இருப்பதால் இரவு முழுக்கச் சொட்டும். ஆகவே இரவில் பெற்றோல் திறப்பை மூடிவிட்டுப் படுங்கள். கழற்றிய மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டைதான்.

சூடு: நீண்ட தூரம் ஓடிவந்து ஐந்து பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கும்போது மட்டும் பிடிக்கவில்லையா? எஞ்சினின் சூட்டில் காபரேற்றரிலுள்ள பெற்றோல் கொதித்து உள்ளே வழிந்திருக்கும். சோக்கைத் தொடவே வேண்டாம். அக்சிலேற்றரை அடிவரை அழுத்திச் சுத்தினால் பிடித்துவிடும். முடிந்தால் நிழலில் நிறுத்துங்கள்.

பெற்றோல்: கலப்படப் பெற்றோலும் பழைய பெற்றோலும் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாமல் பிளக்கை நனைக்கும். பெற்றோலில் முதலில் பறந்துபோவது இலகுவாகப் பற்றிக்கொள்ளும் பகுதிதான். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூ.ஆர். முறையில் முதலில் ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் கொடுத்த காலத்தில், பலரும் போத்தலிலும் கானிலும் சேர்த்து வைத்தார்கள். மாதக்கணக்கில் மூடி கிடந்த அந்தப் பெற்றோலை ஊற்றிவிட்டு வண்டி பிடிக்கவில்லை என்று கராஜுக்குப் போனவர்களும் உண்டு.

வடக்கு அறிந்த பாடம்

இதைப் பற்றி வடக்கிலுள்ள மூத்த சகோதரிகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990 இல் போர் மீண்டும் தொடங்கியதும் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் போவது தடைசெய்யப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கள்ளச் சந்தையில் கிடைத்த பெற்றோலைச் சின்னப் போத்தலில் பொன் போலப் பாதுகாத்து, சில துளிகளைக் காபரேற்றரில் விட்டுத்தான் எஞ்சினைப் பிடிக்க வைத்தார்கள். எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய். வன்னியில் இந்தத் தடை 2002 வரை நீடித்தது.

ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது? பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவி விடும். மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 38 பாகை சூட்டுக்கு மேலே போனால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் அது திரவமாகவே கிடந்து பிளக்கை நனைக்கும். சூடான எஞ்சினில் ஆவியாகி எரியும். எரிவது ஆவி என்ற இந்த ஒரு பாடத்தைத்தான் அன்று ஒவ்வொரு காலையும் அந்த மக்கள் செய்து காட்டினார்கள். முன்னைய மண்ணெண்ணெய் உழவு இயந்திரங்களும் இதே முறையில்தான் வேலை செய்தன. பெற்றோலில் பிடித்து, சூடானதும் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுவார்கள். மாற்றாமல் நிறுத்தினால் காபரேற்றர் முழுக்க எண்ணெய் நின்று, அடுத்த நாள் பிடிக்காது.

ஆனால் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். அன்று வேறு வழியில்லாமல் செய்ததை இன்று பழக்கமாகச் செய்ய வேண்டாம். காபரேற்றரின் வாய்க்குள் பெற்றோல் ஊற்றிக்கொண்டு இன்னொருவரைச் சுத்தச் சொல்வது மிகவும் ஆபத்து. எஞ்சின் திருப்பி அடித்தால் அந்த வாய் வழியாகத்தான் நெருப்பு வெளியே வரும். ஊற்றுபவரின் முகமும் கையும் அங்கேதான் இருக்கும். போரில் பட்ட காயங்கள் நமக்குப் போதும்.

பேசாமல் விட்டால் வரும் கேடு

பெற்றோல் கூடுவதைச் சின்ன விசயமென்று விட்டால் அது எஞ்சினையே தின்னும். எரியாத பெற்றோல் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே போய் எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் தண்ணீராகும், தேய்மானம் கூடும். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயிலின் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கிறதா? முகர்ந்தால் பெற்றோல் மணக்கிறதா? அப்படியானால் கோளாறைத் திருத்தி, ஒயிலையும் மாற்றிய பிறகே ஓடுங்கள்.

பெற்றோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்ச வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வண்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. பெற்றோல் தண்ணீரின் மேல் மிதந்து நெருப்பைப் பரப்பும். மணல் போடுங்கள், அல்லது உலர்தூள் தீயணைப்பான் பயன்படுத்துங்கள். முதலில் பிள்ளைகளை இறக்கித் தூரக் கொண்டுபோங்கள். யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசையோ எண்ணெயோ பூச வேண்டாம். நோயாளியோடு நிற்கும்போது வண்டி பிடிக்காவிட்டால் அதனோடு போராடாமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் காசில்லை.

ஒரு கொப்பி போதும்

கடிதம் எழுதிய தங்கை கராஜுக்கு மூன்று தடவை காசு கொடுத்திருக்கிறார். என்ன மாற்றினார்கள் என்று கடிதத்தில் இல்லை. அவரிடம் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். "உங்களுக்கு விளங்காது அக்கா" என்ற ஒரு வார்த்தையோடு பெண்களை வெளியே நிறுத்திவைப்பது வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு, தோட்டத்திலும் உண்டு. அதற்கு மருந்து ஒரு கொப்பி.

இரண்டு வாரம் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். வண்டி எப்போது பிடிக்கவில்லை? விடியற்காலையா, ஓடி நிறுத்திய பிறகா? மழையா, வெயிலா? எங்கே பெற்றோல் அடித்தீர்கள்? புகையின் நிறம் என்ன? எத்தனை கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர்?

பிறகு கொப்பியைப் பாருங்கள். குளிர்ந்த காலையில் மட்டும் என்றால் சோக், பிளக், பற்றரி. மழை நாளில் மட்டும் என்றால் பிளக் வயரும் டிஸ்ரிபியூட்டரும். சூட்டோடு நிறுத்திய பிறகு மட்டும் என்றால் மேலே சொன்ன சூட்டு வருத்தம். எந்நேரமும் கறுப்புப் புகையோடு பெற்றோல் செலவும் ஏறினால் மிதவை, ஊசி, எயார் பில்டர். ஒரே இடத்தில் அடித்த பிறகு மட்டும் என்றால் பெற்றோல்.

கொப்பியோடு கராஜுக்குப் போங்கள். "தம்பி, வண்டி பிடிக்குதில்லை" என்று சொன்னால் அவர் தேடுவதற்கும் காசு, தேடாததற்கும் காசு. "தம்பி, மழை நாளில் மட்டும் பிடிக்குதில்லை, பிளக் நனைஞ்சு வருது, முதல் பொறியைப் பாருங்கோ" என்று சொன்னால் வேலை பாதியாகும். மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரும்படி வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரே நாளில் நான்கு சாமானை மாற்ற விடாதீர்கள். ஒன்றை மாற்றி, ஓடிப் பார்த்து, பிறகு அடுத்தது. நல்ல பாஸ்மார் இதற்குக் கோபிக்க மாட்டார்கள். மதிப்பார்கள்.

விற்பதா, வைத்திருப்பதா?

இப்போது கேள்விக்கு வருகிறேன். தங்கச்சி, பெற்றோல் கூடுகிறது என்ற ஒரு காரணத்துக்காகக் காரை இரும்புக்குப் போட வேண்டாம். நீங்கள் எழுதியபடி ஒருநாள் உடனே பிடிக்கும் எஞ்சின் செத்த எஞ்சின் அல்ல. அதற்கு அமுக்கம் இருக்கிறது, உயிர் இருக்கிறது. பிளக், வயர், பொயின்ற், ஊசி போன்றவை எல்லாம் சின்னச் சாமான்கள்.

வேறு சில அறிகுறிகள் இருந்தால் யோசிக்கத்தான் வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் நீலப் புகை விடாமல் வருகிறதா? அது ஒயில் எரிவது. கராஜில் சிலிண்டரின் அமுக்கத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அது மிகக் குறைவாக இருந்தால், அல்லது அடித்தளம் துருப்பிடித்துப் பிள்ளைகளை ஏற்றுவதற்குப் பயமான நிலையில் இருந்தால், செலவழிக்காமல் விற்பது நல்லது. எதுவானாலும் காரணம் தெரியும் முன் திருத்துவதற்கென்று நுண்கடன் எடுக்காதீர்கள். வாரத் தவணை வண்டி பிடித்ததா இல்லையா என்று கேட்காது.

விட்டுப்போன இரண்டு தாய்மாரிடமும் நேரில் போய்ப் பேசுங்கள். வண்டிக்கு என்ன வருத்தம், என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். திருத்தி முடியும் வரை, பிடிக்காத நாளில் பிள்ளைகளை ஏற்றிப்போக இன்னொரு ஓட்டோச் சகோதரியோடு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். அவருடைய வண்டி படுக்கும் நாளில் நீங்கள் போகலாம். பிள்ளையை நேரத்துக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கும் ஆளைத்தான் தாய்மார் தேடுகிறார்கள், புதுக் காரை அல்ல.

பெண்ணுக்கு இது புதிதல்ல

"பொம்பிளைக்கு எஞ்சின் வேலை எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1888 இல் ஜேர்மனியில் பேர்த்தா பென்ஸ் என்ற பெண், கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்மாரோடு மன்ஹைமிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடித் தாய்வீடு போனார். உலகத்தின் முதல் நீண்ட மோட்டார்ப் பயணம் அதுதான் என்பார்கள். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பெடுத்தார். மின்கம்பி உரசித் தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றிக் காத்தார். எரிபொருளை ஒரு மருந்துக் கடையில் வாங்கினார். இன்று நாம் கையிலெடுக்கும் அதே மூன்று விசயங்கள்தான்: பெற்றோல் போகும் வழி, பொறி, நல்ல எரிபொருள்.

எங்கள் ஓப்பநாயக்கவுக்கு ஒரு காலத்தில் ரயிலும் வந்தது. 1919 இல் வந்த களனிவெளிச் சிறுபாதை 1976 இல் நின்றுபோனது. இன்று தோட்டத்துச் சனத்துக்குப் பஸ்ஸை விட்டால் ஓட்டோவும் பழைய காரும்தான். வன்னியின் உள்ளூர்க் கிராமங்களிலும் நிலைமை அதுதான். அந்த வண்டிகளில் சிலவற்றின் திறப்பு இன்று பெண்களின் கையில் இருக்கிறது. திறப்பு கையில் இருந்தால் போதாது, பொனட்டையும் திறக்கத் தெரிய வேண்டும்.

வண்டிக்குள் எப்போதும் வைத்திருக்க வேண்டியவை: பிளக் கழற்றும் சாவி, காய்ந்த பருத்திச் சீலை இரண்டு, பழைய பல்துலக்கி, நல்ல நிலையிலுள்ள பிளக் ஒரு செற், டோர்ச் லைட், ஒரு பை மணல், கொப்பியும் பேனையும்.

அடுத்த மாதம் பற்றரியைப் பற்றிப் பார்ப்போம். பற்றரி இரவில் ஏன் இறங்குகிறது, முனைகளில் பூக்கும் வெள்ளைப் பூவை எப்படிச் சுத்தம் செய்வது, தள்ளிப் பிடிக்க வைப்பது எந்த வண்டிக்குச் சரி, எதற்குச் சரியில்லை என்று எழுதுகிறேன். உங்கள் கொப்பியில் எழுதிய இரண்டு வாரக் குறிப்பை அனுப்பினால், அதைப் பார்த்தே பதில் எழுதலாம்.